நாலு தடவை வரி மாறின மெட்டு: 'ப்ளூ மூன்'

இன்னைக்கு எபிசோட் முழுக்க ஒரே ஒரு பாட்டுதான். பேரு 'ப்ளூ மூன்'. எல்விஸ் குரல்ல கேட்டிருப்பீங்க. கால்பந்து பார்க்கிறவங்களா இருந்தா, மான்செஸ்டர் சிட்டி ரசிகர்கள் மைதானத்துல கும்பலா பாடிக் கேட்டிருப்பீங்க.

எங்க துறையில ஒரு பழக்கம் உண்டு. ஒரு கோடு ஏன் இப்படி இருக்குன்னு புரியலைன்னா, அதோட வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து பார்ப்போம். இந்தப் பாட்டுக்கும் அதையே செய்யலாம். ஏன்னா நாம கேட்கிற 'ப்ளூ மூன்' முதல் வெர்ஷன் இல்லை, நாலாவது.

1933. இசையமைப்பாளர் ரிச்சர்ட் ராஜர்ஸ், பாடலாசிரியர் லோரன்ஸ் ஹார்ட் ரெண்டு பேரும் ஹாலிவுட்ல எம்.ஜி.எம். நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறாங்க. 'ஹாலிவுட் பார்ட்டி'ன்னு ஒரு படம். சினிமா நட்சத்திரமாகணும்னு ஒரு பொண்ணு பிரார்த்தனை பண்ற பாட்டு வேணும், ஜீன் ஹார்லோ பாடுறதா திட்டம். ராஜர்ஸ் மெட்டு போட்டார், ஹார்ட் எழுதினார். படத்துல அந்தப் பாட்டு வரவே இல்லை.

அடுத்தது 1934, 'மான்ஹாட்டன் மெலோட்ராமா'. அதே மெட்டுக்கு ஹார்ட் புது வரி எழுதினார். அதையும் வெட்டிட்டாங்க. அதே படத்துல ஒரு நைட் கிளப் காட்சிக்குப் பாட்டு தேவைப்பட்டப்போ, மூணாவது தடவை எழுதினார். ஷெர்லி ராஸ் பாடினாங்க, படத்துலயும் வந்துச்சு. ஆனா பாட்டு ஓடலை. சிகாகோவில கொள்ளைக்காரன் ஜான் டிலிஞ்சர், ஃபெடரல் ஏஜென்ட்டுகள் சுட்டுக் கொல்றதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி தியேட்டர்ல பார்த்தது இந்தப் படத்தைத்தான். படம் அதனால பேசப்பட்டுச்சு, பாட்டை யாரும் கண்டுக்கலை.

அப்போதான் இசைப் பதிப்பாளர் ஜாக் ராபின்ஸ் உள்ள வர்றார். மெட்டு நல்லா இருக்கு, வரியைச் சாதாரண ஜனங்க பாடுற மாதிரி எளிமையா மாத்துங்கன்னு கேட்கிறார். ஹார்ட்டுக்கு அதுல பெரிய விருப்பம் இல்லை. ஆனாலும் எழுதினார். தனியா நிக்கிற ஒருத்தர் நிலாகிட்ட பேசுறார், காதல் வருது, நீல நிலா தங்கமா மாறுது. கதை அவ்வளவுதான். அதே வருஷம் கிளென் கிரேவோட காசா லோமா ஆர்கெஸ்ட்ரா அதைப் பதிவு பண்ணாங்க, ஹிட் ஆச்சு. ஸ்விங் காலத்து நடன இசைக்குழுக்கள் வரிசையா இதை எடுத்துக்கிட்டாங்க. ஜோடியா மெதுவா ஆடுறதுக்குத் தோதான பாட்டு.

நாலு தடவை வரி மாறியும் மெட்டு ஏன் தாங்குச்சு? அதோட அடித்தளத்துல நாலே நாலு கார்டு. சி-ல வாசிச்சா சி, ஏ மைனர், எஃப் அல்லது டி மைனர், ஜி. இது திரும்பத் திரும்பச் சுத்தும். நடுவுல ஒரே ஒரு இடத்துல, பிரிட்ஜ்னு சொல்வாங்க இல்லையா, அங்க மட்டும் வேற பாதையில போய்த் திரும்பி வரும். ஒரு லூப், ஒரு விலகல், மறுபடி லூப். மேல என்ன வச்சாலும் நிக்கும்.

அந்த விலகலுக்குக் கதையிலயும் வேலை இருக்கு. காதல் வந்து சேர்றது அந்த பிரிட்ஜ்லதான். 1954-ல மெம்பிஸ் சன் ஸ்டுடியோவில எல்விஸ் பாடினப்போ பிரிட்ஜையும் கடைசிச் சரணத்தையும் விட்டுட்டார். அதுக்குப் பதிலா வார்த்தையே இல்லாம உச்ச ஸ்தாயில ஒரு அழுகை மாதிரி. ஒரு வரியைக்கூட மாத்தலை, ரெண்டு பிளாக்கை டெலீட் பண்ணார், அவ்வளவுதான். காதல் வரவே வராத பாட்டா அது மாறிடுச்சு.

இப்போ 1961. பிட்ஸ்பர்க் பசங்க அஞ்சு பேர், 'தி மார்செல்ஸ்'. டூ-வாப் பாடகர்கள். தெருமுனையில வாத்தியமே இல்லாம குரலை மட்டும் வச்சுப் பாடி வளர்ந்த இசை அது. அந்த இசைக்கு உயிரே மேல சொன்ன அதே நாலு கார்டுதான். அதனால 27 வருஷப் பழைய பாட்டு இவங்களுக்குக் கச்சிதமாப் பொருந்துச்சு. பேஸ் குரல் ஃப்ரெட் ஜான்சன், அர்த்தமே இல்லாத அசைகளைத் துப்பாக்கி மாதிரி சுட்டுக்கிட்டே ஆரம்பிக்கிறார். சோகம் போயே போச்சு, ஒரே கொண்டாட்டம். ஏப்ரல் மாசம் பில்போர்டு பட்டியல்ல மூணு வாரம் முதலிடம். பிரிட்டன்லயும் முதலிடம்.

சரி, ஹார்ட்டோட தனிமையை இவங்க கேலி பண்ணிட்டாங்களா? அப்படிச் சொல்றவங்க உண்டு. நான் ஒத்துக்க மாட்டேன். அந்த அஞ்சு பேர் யாருன்னு பாருங்க. மூணு பேர் கறுப்பினத்தவர், ரெண்டு பேர் வெள்ளையர். அதே 1961 மே மாசம், பஸ்ல கறுப்பரும் வெள்ளையரும் ஒண்ணா உட்கார்ந்து பயணம் செஞ்சதுக்காக, ஃப்ரீடம் ரைடர்ஸ் வந்த பஸ்ஸை அலபாமாவுல கொளுத்தினாங்க. அந்த அமெரிக்காவுலதான் இந்தக் குழு தெற்குப் பக்கம் கச்சேரிக்குப் போச்சு. கலந்து நிக்கிற குழுங்கிறதாலயே பிரச்சினை. சீக்கிரமே ரெண்டு வெள்ளையர்களும் குழுவை விட்டு விலகினாங்க.

அஞ்சு குரலும் சேர்ந்து ரேடியோவில ஒலிச்சப்போ நாடே ஆடுச்சு. அந்த அஞ்சு உடம்பும் சேர்ந்து மேடையில நின்னாதான் நாட்டால தாங்க முடியலை. அதனால மார்செல்ஸ் வெர்ஷன்ல தனிமை இல்லைன்னு என்னால சொல்ல முடியலை. அது வரியில இருந்து நழுவி, பாடினவங்க வாழ்க்கைக்குள்ள போயிடுச்சு. ஹார்ட் இதைக் கேட்கலை, 1943-லயே இறந்துட்டார்.

உங்களுக்கு ஒரு வேலை தர்றேன். ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு மூணையும் வரிசையாக் கேளுங்க. முதல்ல கிளென் கிரே, அப்புறம் எல்விஸ், கடைசியா மார்செல்ஸ். மார்செல்ஸ் வரும்போது அந்த பேஸ் குரலை மட்டும் கேட்காதீங்க. பின்னாடி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி நிக்கிற மத்த குரல்களையும் பிரிச்சுக் கேளுங்க. யார் கறுப்பர், யார் வெள்ளையர்னு உங்களால கண்டுபிடிக்க முடியுதான்னு எனக்கு எழுதுங்க.

அடுத்த வாரம் வேற ஒரு பாட்டோட சந்திப்போம்.