சுவருக்கும் காது உண்டு

பல குடித்தனங்கள் வாழும் வீட்டில் இடைச்சுவரே காவல். கணிப்பொறிக்கும் இவ்வுண்மை பொருந்துவதையே இன்று நான் கூற விழைகிறேன்.

2001ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்த 'பிளேடு சர்வர்', மெல்லிய தகடு போன்றதொரு கணிப்பொறி. பல தகடுகளை ஒரே பெட்டியில் செருகி, மின்சாரத்தையும் குளிர்காற்றையும் பொதுவாக அளிப்பர். ஒரு தகட்டையே பல கூறுகளாகப் பிரித்து, வங்கிக் கணக்குக்கு ஒன்றும் மருத்துவமனைக் குறிப்புக்கு மற்றொன்றுமாக வழங்கலாம். ஒரு கூறு மற்றதன் நினைவகத்தைத் தொடாதவாறு செயலியின் வன்பொருளே காக்கிறது. அச்சுவரில் விரிசல் இராது என நம்பியவர்களுள் நானும் ஒருவன்.

2018 சனவரியில் அந்நம்பிக்கை ஆட்டம் கண்டது. 'மெல்ட்டவுன்', 'ஸ்பெக்டர்' என்னும் குறைகள் வெளியாயின. விரைவு கருதிச் செயலி, அடுத்த கட்டளையை ஊகித்து முன்னரே செய்துவிடுகிறது. ஊகம் தவறினால் விடையைக் கைவிடுகிறது. ஆயினும் அதன் சுவடு விரைவு நினைவகத்தில் தங்கிவிடுகிறது. அச்சுவட்டைக் கொண்டு, மறைத்துவைத்த செய்தியை அறியலாம் என ஆய்வாளர் மெய்ப்பித்தனர். திருத்தங்கள் வந்தன; அவற்றால் சில பணிகளில் வேகம் குறைந்தது.

ஆம், சுவர் இடியவில்லை. ஒட்டுக்கேட்க இடம் தந்தது. வேகத்தை அளந்த நாம், சுவரைத் தட்டிப்பார்க்கத் தவறினோம். நாளைய பொறியாளர்களாகிய நீங்கள் இரண்டையும் செய்யுங்கள்.