பாசி தரும் எண்ணெய்

நாம் மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து, ரயில்வேயில் கணக்கெழுதி வருகிறோம், விஞ்ஞானம் பயின்றவரல்லோம். எனவே, நன்னீர்ப் பாசியிலிருந்து எரிபொருள் எடுக்கும் செய்தியையும் வரவு செலவுக் கணக்காகவே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலில் வரவு. குளத்து நீரைப் பச்சையாக்கும் குளோரெல்லா போன்ற நுண்பாசிகள், சூரிய ஒளியாலும் கரியமில வாயுவாலும் வளர்ந்து, ஒரே நாளில் இரட்டிப்பாக வல்லவை. அவை சேமிக்கும் கொழுப்பை மெதனாலுடன் வினைப்படுத்தினால், டீசல் எஞ்சினில் எரியும் எண்ணெய் கிடைக்கிறது. நெல் விளையும் நிலத்தை இதற்காகப் பறிக்க வேண்டுவதில்லை. தாவர எண்ணெயை எஞ்சின் ஏற்குமோ என்னும் ஐயமும் வேண்டா. 2002 டிசம்பர் 31-இல் டில்லி-அமிர்தசரஸ் சதாப்தி ரயில், நூற்றுக்கு ஐந்து பங்கு உயிரி டீசல் கலந்து ஓடிற்று.

இனிச் செலவு. திறந்த குட்டையில் ஒரு லிட்டர் நீருக்கு உலர்ந்த பாசி ஏறக்குறைய அரை கிராமே தேறும். ஆயிரம் லிட்டரை வடித்தால் அரைக் கிலோ. அதில் கால் பங்கு எண்ணெய் எனினும் 125 கிராம்தான். பானை மோரைக் கடைந்து கடுகளவு வெண்ணெய் எடுத்த கதை! இறைக்கவும் வடிக்கவும் உலர்த்தவும் ஆகும் சக்தி வரவை விழுங்கிவிடுகிறது. அமெரிக்க அரசு 1978-இல் தொடங்கிய ஆராய்ச்சியை 1996-இல் நிறுத்தியது. 2009-இல் இம்முயற்சியில் இறங்கிய எக்ஸான்மோபில் கம்பெனி 2023-இல் விலகியது.

ஆயின் பாசி பயனற்றதோ? அன்று. இப்புனே நகரில் முளாவும் முட்டாவும் கூடுமிடத்துக்கும் சங்கம் என்றே பெயர். அவ்வாறுகளில் நகரின் கழிவுநீர் கலப்பதை அன்றாடம் காண்கிறோம். கழிவுநீரிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிக்கு உணவு. 1950-களிலேயே கலிபோர்னியாவில் வில்லியம் ஆஸ்வால்டு என்பார், பாசிக் குளங்களைக் கொண்டு சாக்கடை நீரைத் தூய்மையாக்கும் முறையை ஆராய்ந்தார். வளர்ந்த பாசியை உலர்த்தாமலே மட்கவைத்து எரிவாயுவும் பெறலாம். எரிபொருளுக்கென்றே பாசி வளர்த்தால் நஷ்டம்; ஆற்றைக் காப்பதற்கென வளர்த்தால், எரிபொருள் மேல்வரவு.

பாசியாராய்ச்சி தமிழருக்குப் புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஓ.பி. அய்யங்கார் அதற்கு அடிகோலினார்; டி.வி. தேசிகாச்சாரி 1959-இல் நீலப்பச்சைப் பாசி பற்றிப் பெருநூல் வெளியிட்டார். நீரினின்று பாசியைச் சொற்பச் செலவில் பிரிக்கும் வழி மட்டும் இன்னும் கைகூடவில்லை. அதைக் காணும் பிள்ளை நம் காலனியிலிருந்து எழுமாயின், நமக்குச் சோறிட்ட இவ்வூருக்குப் பட்ட கடனில் ஒரு பகுதி தீரும்.