வெற்றிடம் நிலைக்குமா?



குடத்து நீரைக் கொட்டிவிட்டால் குடம் வெறுமையாயிற்று என்பது உலக வழக்கு. ஆனால் அதனுள் காற்று உண்டு. காற்றையும் உறிஞ்சி எடுத்து, ஒளியும் வெப்பமும் புகாமல் அடைத்துவிட்டால் எஞ்சுவது யாது? ஒன்றுமில்லை என்பதே பலர் தரும் விடை. இயற்பியல் தரும் விடை அதுவன்று. நுண்துகள்கள் அனைத்தும் வெளியெங்கும் பரவிக் கிடக்கும் புலங்களின் அதிர்வுகளே. அதிர்வு அடங்கினாலும் புலம் அகலாது. ஆகவே வெற்றிடம் என்பது இன்மையன்று. புலங்கள் தம் ஆற்றலைத் தாழ்த்தி அமைந்திருக்கும் ஒரு நிலை.

நிலை என்ற அளவிலேயே ஒரு வினா எழுகின்றது. இதனினும் தாழ்ந்த நிலை ஒன்று இருக்குமாயின் என்னாகும்? மலையுச்சியிலிருந்து உருண்ட பாறை இடையில் ஒரு பள்ளத்தில் தங்கிவிடுவதுண்டு. அது அசையாதிருப்பினும் அடிவாரத்தை அடைந்ததாகாது. இவ்வாறு இடைப்பள்ளத்தில் தங்கிய வெற்றிடத்தைப் போலி வெற்றிடம் என்றும், அடிவாரத்தில் அமைந்ததை மெய் வெற்றிடம் என்றும் அறிஞர் பிரித்துரைப்பர்.

பாறை பள்ளத்தின் விளிம்பைத் தானே ஏறிக் கடவாது. ஆனால் குவாண்டம் கொள்கையின்படி நுண்பொருள் ஒன்று விளிம்பின்மேல் ஏறாமலேயே அதனை ஊடுருவி அப்பால் தோன்றக்கூடும். அணுக்கருவினின்று ஆல்பாத் துகள் வெளிப்படுவது இவ்வகையிலேயே என 1928-இல் சியார்சு கேமோ விளக்கினார். வெற்றிடமும் இவ்வாறு மாறக்கூடும் என்பதை 1974-இல் சோவியத்து அறிஞர் வோலோசின், கோப்சரெவ், ஒக்குன் ஆகியோர் ஆராய்ந்தனர். 1977-இல் அமெரிக்க அறிஞர் சிட்னி கோல்மன், அம்மாற்றம் எத்துணை விரைவில் நிகழும் எனக் கணக்கிடும் முறையை வகுத்தார்.

மாற்றம் ஒரு குமிழியாகவே தொடங்கும். குமிழியின் உட்புறம் ஆற்றலை ஈட்டித் தரும். அதன் சுவரோ ஆற்றலைச் செலவாக்கும். ஆரம் இருமடங்கானால் சுவரின் பரப்பு 4 மடங்காகும். உட்புறத்தின் கொள்ளளவு 8 மடங்காகும். சிறு குமிழியில் வரவினும் செலவே மிகுதி. ஆதலின் அது சுருங்கி மறையும். ஒரு குறித்த அளவைக் கடந்த குமிழியில் வரவு மேலோங்கும். அது விரிந்துகொண்டே செல்லும். நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்லும் ஒளியின் விரைவை அதன் சுவர் நெருங்கும். உள்ளே துகள்களின் எடைகளே வேறாகும். அணுக்கள் இன்றுள்ளவாறு இரா.

இது வெறுங்கற்பனை அன்று. 1964-இல் பீட்டர் இக்சு முதலியோர் கருதிக் கூறிய துகள், 2012 சூலை 4-ஆம் நாள் செனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அதன் எடை புரோட்டானைப்போல் ஏறத்தாழ 133 மடங்கு. 1995-இல் அமெரிக்காவின் பெர்மி ஆய்வகம் கண்ட உச்சிக் குவார்க்கின் எடை ஏறத்தாழ 184 மடங்கு. வெற்றிடத்தின் உறுதியைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இவ்விரு எடைகளே. உச்சிக் குவார்க்கு கனக்கக் கனக்க உறுதி தளரும். இக்சுத் துகள் கனத்தால் உறுதி மிகும். இன்று அறியப்பட்ட துகள்களைத் தவிர வேறில்லை எனக் கொண்டு கணக்கிட்டால், முழு உறுதிக்கும் முழு நிலையாமைக்கும் இடைப்பட்ட ஒரு குறுகிய பகுதியில் நம் வெற்றிடம் நிற்கின்றது.

அப்படியாயின் அஞ்ச வேண்டுமா? அண்டத்தின் அகவை ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டு. அது 11 இலக்க எண். ஆர்வர்டு அறிஞர்கள் 2018-இல் வெளியிட்ட கணக்கின்படி, வெற்றிடத்தின் வாழ்நாளோ 1-க்குப்பின் 50-க்கும் மேற்பட்ட சுழிகளை இட்டு எழுத வேண்டிய ஆண்டுகள்.

2008-இல் செர்ன் மோதுபொறி இயங்கத் தொடங்கியபோது உலகமே அழியும் என்ற பேச்சு பல நாடுகளில் பரவியது. அதற்குரிய மறுமொழி 1983-இலேயே எழுதப்பட்டிருந்தது. விண்ணிலிருந்து பாயும் கதிர்கள், மாந்தன் கட்டிய எப்பொறியும் எட்டாத ஆற்றலுடன் கணக்கற்ற முறை மோதி வந்துள்ளன. அவற்றால் விளையாத கேடு பொறியால் விளையாது என்று பியட் அட்டும் மார்ட்டின் இரீசும் காட்டியிருந்தனர். 

வெற்றிடத்தின் சிதைவை நேரில் கண்டார் எவருமிலர். ஆயினும் அதற்கு ஒப்பான குமிழித் தோற்றத்தை, மிகக் குளிர்விக்கப்பட்ட சோடிய அணுத்திரளில் கண்டதாக இத்தாலியின் திரெண்டோ ஆய்வர்கள் 2024-இல் வெளியிட்டனர். கொள்கை கூறியவாறே குமிழிகள் எழுந்தன.

எஞ்சியிருப்பது அளவை வேலை. உச்சிக் குவார்க்கின் எடையை இன்னும் நுட்பமாக அளந்தால், நம் வெற்றிடம் எப்பக்கம் நிற்கின்றது என்பது தெளிவாகும். உலகம் அழியுமோ என்று கேட்பவர்க்கு, ஆம் என்றோ இல்லை என்றோ அடித்துச் சொல்வது அறிவியலாகாது. எண்ணை எடுத்து வைத்து, அவ்வெண் வந்த வழியையும் காட்டுவதே அறிவியல். கற்கும் இளைஞர் அவ்வழியைக் கற்பாராக!