திட்டத்தில் ஒரு வரி வேண்டும்
(பல்கலைக்கழகக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் ஐந்தாண்டுத் திட்டக் கலந்தாய்வில் ஆற்றிய உரை)

கல்லூரித் திட்டம் பற்றிப் பேசப் பள்ளி ஆசிரியரையும் அழைத்தமைக்கு நன்றி.

வரைவைப் படித்தேன். புதிய வகுப்பறைகள், ஆய்வகம், கூடுதல் பாடப்பிரிவுகள், நாக் தரமதிப்பீடு எல்லாம் உள்ளன. இடையில் நின்றவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

தமிழ்வழியில் படித்த என் மாணவி ஒருத்தி, வேறொரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்தாள். அவள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். முதல் பருவத்தோடு நின்றுவிட்டாள்.

"பாடம் தெரியும் டீச்சர். இங்கிலீஷ்ல சொன்னா எதுன்னு புரியல. கேட்கவும் பயம்" என்றாள்.

'முடுக்கம்' என்றால் அவளுக்குத் தெரியும். 'ஆக்சிலரேஷன்' அதுதான் என்று நான் சொல்லித் தரவில்லை. பாடநூலின் இறுதியில் உள்ள கலைச்சொற்களைத் தேர்வுக்கு வராது என்று கடந்துவிட்டேன். அந்தத் தவறு என்னுடையது.

2022இல் புதுமைப்பெண், 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் வந்தன. மாதம் 1,000 ரூபாய் செலவுக்கு உதவுகிறது. வகுப்பறைப் பயத்தை நாம்தான் போக்க வேண்டும்.

எனவே மூன்று வேண்டுகோள்கள்:

1. முதலாண்டுத் தொடக்கத்தில் துறைவாரியாகக் கலைச்சொல் இணைப்புப் பயிற்சி.
2. ஒவ்வொரு பருவமும் நின்றவர் எண்ணிக்கையும் காரணமும் பதிவு.
3. அந்தப் பதிவை அவர்கள் படித்த பள்ளிக்கும் அனுப்புதல்.

மூன்றாவது எங்களுக்காக. எங்கே விட்டோம் என்று தெரிந்தால்தான் திருத்த முடியும். இந்த ஆண்டு முதல் என் வகுப்பில் தினம் ஐந்து கலைச்சொற்கள் கரும்பலகையில் இருமொழியிலும் எழுதப்படுகின்றன. மீதியை நீங்கள் தொடருங்கள்.