மூன்றாவது ஆள் யாருக்காக?



பாபாசாகேப் நினைவுச் சொற்பொழிவில் மருத்துவமனைத் திரைச்சீலைக்குப் பின்னால் நடப்பதைப் பேச வந்திருக்கிறேன். ஒரு பெண்ணின் மார்பையோ பிறப்புறுப்பையோ மருத்துவர் பரிசோதிக்கும்போது அவளோடு யார் நிற்கிறார்கள்?

‘வெயிட்டிங் ஃபார் எ விசா’ குறிப்புகளில் பாபாசாகேப் ஒரு கடிதத்தை எடுத்துத் தருகிறார். கத்தியவாரைச் சேர்ந்த ஒரு தலித் ஆசிரியர் எழுதி, 1929 டிசம்பரில் ‘யங் இந்தியா’வில் வந்த கடிதம் அது. பிள்ளை பெற்ற சில நாளில் அவர் மனைவி நோயில் விழுகிறார். சேரிக்குள் வரமாட்டேன் என்கிறார் மருத்துவர். பச்சைப் பிள்ளையோடு தாயைச் சேரிக்கு வெளியே கொண்டுவருகிறார்கள். மருத்துவர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவரிடம் கொடுக்கிறார். கணவர் மனைவியிடம் கொடுக்கிறார். அதே வழியில் அது திரும்பிப் போகிறது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்து நிமோனியா என்கிறார் மருத்துவர். அந்தத் தாய் பிழைக்கவில்லை.

அங்கேயும் ஒரு மூன்றாவது ஆள் இருந்தார், தோழர்களே. மருத்துவருக்குத் தீட்டுப்படாமல் காக்க நிறுத்தப்பட்டவர் அவர். நோயாளிக்கென்று அவரை யாரும் நிறுத்தவில்லை.

அன்று தொடாமல் கொன்றார்கள். பிறகு கேட்காமல் தொட்டார்கள். காவல் நிலையத்தில் வன்கொடுமைக்கு ஆளான ஆதிவாசிச் சிறுமி மதுராவின் வழக்கில், உடலில் காயமில்லை என்ற மருத்துவ அறிக்கையும் 1978இல் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவிக்கக் காரணமானது. இருவிரல் சோதனை பெண்ணின் அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் மீறுவது என்று அதே நீதிமன்றம் சொல்ல 2013 ஆகிவிட்டது. அதைச் செய்பவர் ஒழுங்கீனம் புரிந்தவராவார் என்று 2022இல் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

ஆண் மருத்துவர் பெண்ணைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருப்பது நோயாளியின் உரிமை என்கிறது தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 27ஆம் பிரிவில் இன்னும் ஒருபடி மேலே போகிறது: பெற்றோரோ, குழந்தை நம்பும் வேறொருவரோ உடனிருக்க வேண்டும். அப்படி யாரும் வர முடியாவிட்டால்தான் மருத்துவமனைத் தலைவர் ஒரு பெண்ணை நியமிக்கலாம்.

‘நம்பும்’ என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘எந்த ஊரு, எந்தத் தெரு?’ என்று கேட்டுச் சாதியை மோப்பம் பிடிக்கிற நர்ஸும் ஒரு பெண்தான். ‘காலை விரி, அப்ப தெரியலயா?’ என்று அதட்டுகிற ஆயாவும் ஒரு பெண்தான். இவர்கள் பக்கத்தில் நின்றால் விதி நிறைவேறிவிடும். நாளைக்குப் புகார் வந்தால் மருத்துவருக்குச் சாட்சியும் கிடைத்துவிடும். மேசையில் படுத்திருப்பவளுக்கு என்ன கிடைத்தது?

ஆகவே துணை யார் என்பதை நோயாளியே சொல்ல வேண்டும். யாரும் வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. திருநங்கை, திருநம்பித் தோழர்களுக்கும் ஆண்களுக்கும் இது பொருந்தும். ‘இடமில்லை, நேரமில்லை’ என்பார்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் பிரசவ அறையிலேயே உடனிருக்க ஒரு பெண்ணை அனுமதிக்கும் முறை இருக்கிறது. அங்கே முடிந்தது மற்ற அறைகளிலும் முடியும்.

பாதிக்கப்பட்டவர்களோடு மருத்துவமனைக்குப் போகிற தோழர்கள் மூன்றைக் கேளுங்கள். எதற்காக இந்தப் பரிசோதனை என்று விளக்கினார்களா? சம்மதம் கேட்டார்களா? யார் உடனிருக்க வேண்டும் என்று கேட்டார்களா? பதில்களைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். பெண் போலீஸ் உள்ளே நின்றால் வெளியே அனுப்பச் சொல்லுங்கள். பரிசோதனை அறையில் காவல்துறை இருக்கக்கூடாது என்பது மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல்.

நம் உடம்பை யார் தொடலாம், யார் பார்க்கலாம் என்பதை இதுவரை ஊர் முடிவு செய்தது. இனி நாம் முடிவு செய்வோம்.