வெப்பமானி வந்த வழி



புதுக்கோட்டைப் பக்கத்துப் பள்ளியொன்றில் நான் அறிவியல் ஆசிரியனாக இருந்த நாளில், வெப்பமானி உடைந்தால் மாணவர்க்குக் கொண்டாட்டம். சிதறிய பாதரச மணிகளை உள்ளங்கையில் உருட்டி விளையாடுவர். அது அறை வெப்பத்திலேயே ஆவியாகி நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும் என்று படித்திருந்தும் நான் தடுத்தேனல்லேன். அந்தக் குறைதான் இன்று என்னைப் பேச வைக்கிறது.

1983 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலையொன்று கொடைக்கானலுக்குப் பெயர்ந்து வந்தது. பாண்ட்ஸ் நிறுவனம் கொணர்ந்தது. பின்னர் இந்துஸ்தான் லீவரின் கைக்கு மாறிற்று. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. செய்து முடித்த மானிகள் வெளிநாட்டிற்கே சென்றன. இங்கே தங்கியவை கூலியும் கழிவும். கூலியை நான் இகழவில்லை. மலையூரில் நிலையான வேலை கிடைப்பது எளிதன்று. ஆயின், அந்நிய மூலதனத்தோடு இயந்திரம் வந்த அளவிற்குக் காவல் வந்ததா?

பழம்பொருள் வாணிகர் கிடங்கில் பாதரசம் தோய்ந்த கண்ணாடிச் சில்லுகள் குவிந்து கிடந்ததை 2001 இல் ஊரார் கண்டு போராடினர். ஆலை மூடப்பட்டது. 2003 இல் கழிவில் ஒரு பகுதி கப்பலேறி அமெரிக்காவிற்கே திரும்பியது. முன்னாள் தொழிலாளர் 591 பேரோடு நிறுவனம் உடன்பாடு கண்டது 2016 இல்தான். ஆலையை அடுத்த பாம்பார் சோலையின் நீரோ சமவெளிக்கு இறங்குவது.

2017 இல் நம் நெடுவாசல் உழவர் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் போராடினர். அங்கே உரிமை பெற்றது இந்திய நிறுவனமே. ஆயினும், என்னிடம் படித்த உழவர் ஒருவர் அன்று கேட்டார்: “ஐயா, எடுத்தது வெளியே போய்விடும். கிணற்று நீர் எங்களோடுதானே இருக்கும்?”