தட்டல் ஓசைக்கு மூலம் எது?



டர்போ பொருத்திய கார் ஒன்று கெந்திங் மலையில் ஏறுகிறது. நான்காவது கியர், குறைந்த சுழற்சி. ஓட்டுநர் மிதியை முழுவதும் அழுத்துகிறார். உடனே, தகர டப்பாவில் கூழாங்கற்களைக் குலுக்குவது போன்ற ஓசை எழுகிறது. வானொலியைச் சற்றுக் கூட்டிவிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் அது இயந்திரம் எழுப்பும் அபாயக் குரல். அலட்சியம் செய்தால் பிஸ்டன் விரிசல் விடும், இயந்திரமே போய்விடும்.

அந்த ஓசை எப்படி உண்டாகிறது? பிளக் தீப்பொறி மூட்டியதும் சுடர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பரவ வேண்டும். சுடர் வந்து சேருமுன்பே, ஓரத்தில் எஞ்சிய கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானே வெடித்துவிடுகிறது. அந்த அதிர்ச்சி சிலிண்டர் சுவரில் மோதுகிறது. சுபாரு இம்பிரெசா டர்போவின் 92 மில்லிமீட்டர் சிலிண்டரில் அந்த அதிர்வு வினாடிக்குச் சுமார் 6,000 முறை. அதையே நாக் சென்சர் கேட்கிறது. கேட்டதும் கணினி தீப்பொறி நேரத்தைத் தாமதப்படுத்துகிறது. ஆகவே, ஓசையே கேட்காமல் காரின் வேகம் மட்டும் மந்தமானாலும் சந்தேகப்பட வேண்டும்.

பட்டறையில் முதல் கேள்வி, இது உண்மையில் நாக்கிங்தானா என்பதே. சுமை குறைந்ததும் ஓசை நின்றால் நாக்கிங்காக இருக்கலாம். சுமை இல்லாதபோதும் சுழற்சிக்கேற்ப கனத்த தட்டல் கேட்டால் பேரிங்கைப் பார்க்க வேண்டும். தளர்ந்த வெப்பத் தகடுகூட மெக்கானிக்கை ஏமாற்றும்.

நாக்கிங் என்று உறுதியானால், எளியதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் பெட்ரோல். ஜப்பானில் உயர்ரக பெட்ரோல் பெரும்பாலும் 100 ஆக்டேனாக விற்கப்படுகிறது. அதற்கென அமைத்த இயந்திரம் இங்கு வந்து ரோன் 95 குடித்தால் தட்டுவதில் வியப்பில்லை.

இரண்டாவது வெப்பம். ரேடியேட்டரும் இன்டர்கூலரும் சூட்டைத் தணிக்கின்றனவா? பிளக் அந்த இயந்திரத்துக்குரிய வெப்பத் தரத்தில் உள்ளதா?

மூன்றாவது கலவை. பம்ப் தளர்ந்தாலும், இன்ஜெக்டர் அடைத்தாலும், காற்றளவு சென்சரில் எண்ணெய் படிந்தாலும் பெட்ரோல் குறைந்து வெப்பம் ஏறும்.

நான்காவது டர்போ அழுத்தம், தீப்பொறி நேரம். சக்தி கூட்டுவதற்காகக் கணினி நிரலை மாற்றியிருந்தால் அதையே முதலில் சந்தேகிக்கலாம்.

ஐந்தாவது கரியும் எண்ணெயும். பிஸ்டன் தலையில் படிந்த கரி அழுத்தத்தைக் கூட்டும். உள்ளே நுழையும் எண்ணெய்ப் புகை பெட்ரோலின் ஆக்டேன் பலத்தைக் குறைக்கும்.

பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். வெள்ளைப் பீங்கானில் மினுங்கும் துகள்கள் தெரிந்தால், பிஸ்டனின் அலுமினியம் உருகத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். அத்தகைய காரை அதற்குமேல் ஓட்டக்கூடாது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ரோன் 97 ஊற்றியதும் ஓசை நின்றால் நோய் தீர்ந்ததாக எண்ணுகிறார்கள். காய்ச்சல் மாத்திரை சூட்டைத் தணிக்கும், கிருமியைக் கொல்லாது. கரியோ அடைப்போ உள்ளே இருந்தால், நல்ல பெட்ரோல் அதைச் சில காலம் மறைத்து வைக்கும், அவ்வளவுதான். அதைவிட ஆபத்து, சக்தி குறைகிறதே என்று நாக் சென்சரைச் செயலிழக்கச் செய்வது. வீட்டில் தீப்பிடித்திருக்கும்போது அபாய மணியின் கம்பியை அறுப்பவரை என்னவென்று சொல்வது?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியபின் அதே ஏற்றத்தில், அதே கியரில் ஓட்டிப் பாருங்கள். ஐந்து பாகங்களை ஒரே நாளில் மாற்றினால் பணம் போகும். காரணம் மட்டும் தெரியாது. பொறுமையாகத் தேடுகிறவரின் இயந்திரமே நீண்ட நாள் ஓடும்.